பிள்ளையார் சொல்லாத சொல்

பஞ்சின் மருந்து வாசமும் எலுமிச்சை இனிப்பின் புளிப்பும் சேர்ந்ததுதான் எனது முதல் விமானப் பயணம். பலாலியில் ஏறியதும் காதில் அடைக்கப் பஞ்சும் வாயில் போட இனிப்பும் ஒரு தட்டில் வந்தன. இரைந்துகொண்டு எழும்பிய அந்தச் சின்ன விமானம் சண்டிலிப்பாய்ப் பக்கம் சாய்ந்து திரும்பியபோது, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீட்டைத் தேடினேன். முற்றத்தில் நின்று தங்கச்சி தங்கம் கை காட்டுவாள் என்று தெரியும். அவளைக் கண்டுவிடக் கூடாது என்றும் இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது, தங்கத்துக்கு ஒன்பது.

எங்கள் ஐயா தெல்லிப்பழையில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்த்த "கிளாக்கர்". அலுவலாகக் கொழும்புக்கு விமானத்தில் போக வேண்டி வந்தபோது, கூட ஒரு பிள்ளையைத்தான் அவரால் கூட்டிச் செல்ல முடிந்தது. இரண்டு நாள் நானும் தங்கமும் பிடித்த சண்டையில் அம்மா அலுத்துப்போனார்.

"பிள்ளையாரிட்டை விடுவம். அவர் ஆரைச் சொல்லுறாரோ அந்தப் பிள்ளை போகட்டும்."

அதற்குத் "திருவுளச்சீட்டு" என்று பெயர். ஆளுக்கொரு துண்டில் பெயரை எழுதிச் சுருட்டிச் சாமியின் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பது. வந்த பெயர் சாமியின் சொல், அதற்கு மேல் பேச்சில்லை. என் கையெழுத்து அழகு என்று எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். இரண்டு துண்டிலும் என் பெயரை எழுதினேன்.

பிள்ளையார் கோயிலில் சீட்டுகளை வைத்ததும், சின்னவள் எடுக்கட்டும் என்றார் குருக்கள். தங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். ஐயா விரித்து என் பெயரை வாசித்தார். பெயர் எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாது என்று சொல்லி, மற்றச் சீட்டை எரியும் கற்பூரத் தட்டில் போட்டேன். எவ்வளவு பக்தியான பிள்ளை என்று குருக்கள் என் தலையைத் தடவினார். தங்கம் அழவில்லை. தன் கையாலேயே எடுத்ததல்லவா?

விளையாட்டுப் பிள்ளையின் களவு என்று இதை விட்டுவிடலாம், தங்கம் அதை அங்கேயே விட்டிருந்தால். ஆசிரியப் பயிற்சிக்குக் கொழும்பில் இடம் கிடைத்தபோது அவள் போகவில்லை. லண்டன் மாப்பிள்ளை ஒருவர் பேசி வந்தபோதும் மாட்டேன் என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நான் இங்கைதான் நிக்கவேணுமெண்டு பிள்ளையார் என்ரை கையாலையே காட்டிப்போட்டார்." நான் கொழும்பில் படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், அவள் ஊரில் நின்று ஐயாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தாள். உண்மையைச் சொல்ல நான் மறந்திருக்கவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நோர்வேயின் வடகோடியில் தாதியாக இருக்கும் என் மகள் வதனி, சென்ற ஆனி மாதம் வந்து என்னையும் தங்கத்தையும் தன்னோடு அழைத்துப் போனாள். மாமியைக் கேட்டால் மறுப்பாள் என்று, கேட்காமலே ரிக்கற் எடுத்துவிட்டாள். முதல்நாள் சென்னையில் தங்கி, விடியக் கிளம்பி, மூன்று விமானம் மாறினோம். சூரியனைத் துரத்திக்கொண்டே போனதில் அந்தப் பகல் முடியவே இல்லை. கடைசி விமானத்தில் மணி பத்தாகியும் யன்னலில் வெயில் அடித்தது. வதனி நித்திரையாகிவிட்டாள். தங்கம் என் பக்கம் சாய்ந்து சிரித்தாள்.

"அண்ணை, இண்டைக்குப் பிள்ளையார் அசந்துபோனார். அவரின்ரை கண்ணிலை படாமல் தப்பி வந்திட்டன்."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"தங்கம், ரெண்டு சீட்டிலையும் நான் என்ரை பேரைத்தான் எழுதினனான்."

எந்தச் சீட்டு என்று அவள் கேட்கவில்லை. நெடுநேரம் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, பிள்ளையார் என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"இல்லை."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் சொல்லேல்லை."

மன்னித்துக்கொள் என்று வாயெடுத்தேன். "இப்ப என்னோடை கதையாதேங்கோ" என்று யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கீழே வெண்பனி மலைகள் வெயிலில் மின்னின. எழுபது வயது தாண்டிய என் தங்கை நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி, இறங்கும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விமானம் இறங்கியதும், விழித்துக்கொண்ட வதனியிடம் அவள் முதலில் கேட்டது, இதற்கு அங்காலும் விமானம் போகுமா என்பதுதான். இன்னும் வடக்கே ஒரு தீவு உண்டு, மரம் மட்டை ஒன்றும் இல்லை, வெள்ளைக் கரடிதான் என்றாள் வதனி.

"அதுக்கும் அங்காலை?"

"அதுக்கு அங்காலை ஐஸ்தான் மாமி."

"அப்ப அந்தத் தீவுக்குப் போவம். நீயும் நானும். உன்ரை கொப்பர் இந்தமுறை வீட்டை நிக்கட்டும்."

இன்று ஐயாவும் அம்மாவும் இல்லை, குருக்களும் இல்லை. நான் செய்ததைக் கண்ட சாட்சி என்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று தங்கம் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் வதனியின் தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல் அவள் வடக்கே பறந்தாள். நான் வீட்டில் நின்றேன்.