முறை வள்ளம்

கறுப்புக் கல்லில் எழுத்து பொன்னிறமா வெள்ளையா என்பதற்கே எங்கள் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் முழுவதையும் செலவழித்தது. ஒஸ்லோவின் புறநகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் உணவறையில், வடையும் பிளாஸ்கில் தேநீரும் நடுவில் இருக்க, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் எங்கள் சின்னத் தீவைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். நான் செயலாளர். தலைவியாக இருந்தவர் முதியோர் இல்லமொன்றில் நீண்டகாலம் வேலை செய்தவர். உறவு ஒன்றுமில்லை என்றாலும் நாங்கள் எல்லோரும் அவரை மாமி என்றே அழைத்தோம். கல்லின் மாதிரித் துண்டைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர் அவர்தான். அதில் வரப்போவது அவருடைய அம்மாவின் பெயர்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இது புதினமில்லை. கொடுக்கிற மனம் எங்களிடம் தாராளமாக உண்டு. கொடுத்ததில் பெயர் இருக்கவேண்டும் என்ற ஆசையும் கூடவே உண்டு. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட வாசல் வளைவு, ஏன், மின்விசிறியின் இறக்கையில்கூட எங்கள் ஆட்களின் பெயர் சுற்றுகிறது. கேலி செய்கிற நானும் என் அப்பாவின் பெயரை ஒரு வாசிகசாலைச் சுவரில் ஏற்றியவன்தான். சாகும்போது பக்கத்தில் நிற்கக் கிடைக்காதவர்கள் வேறென்ன செய்வது?

மாமிக்கு அந்த ஆசை கூடுதலாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சு நோ வந்த அன்று, தீவின் வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்தன. அக்கம்பக்கத்தார் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து, இறங்குதுறையில் இருந்த பழைய கொட்டகைக்குள் இறக்கி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளமொன்று கரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "நான் அந்த நேரம் இஞ்சை ஆரோ ஒரு மனிசியின்ரை முகத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டனான், தம்பி" என்று மாமி ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்தக் கொட்டகையை இடித்துவிட்டு, நிழலும் உட்கார வாங்குகளும் மின்விளக்கும் உள்ள காத்திருப்பு மண்டபம் ஒன்றைக் கட்டி, முகப்பில் அம்மாவின் பெயரைப் பதிப்பது என்று அவரும் கனடாவில் இருக்கும் தம்பிமாரும் தீர்மானித்திருந்தார்கள்.

எழுத்தின் நிறம் முடிவானதும் தீவின் மாதர் சங்கச் செயலாளரைக் காணொளியில் அழைத்தோம். அவர் நன்றி சொல்வார், நாங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். இளம் தாய், மடியில் பிள்ளை. நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, மண்டபம் வேண்டாம் என்றார்.

"குறை நினையாதேங்கோ அன்ரி. இருந்து பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கு எங்களுக்கு உள்ள இடமே காணும். வள்ளம் எடுக்கத்தான் ஆள் இல்லை."

அவர் விளக்கியது இதுதான். மாமியின் அம்மா இறந்த பிறகு தீவுப் பெண்கள் கூடி ஓர் ஒழுங்கு செய்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு வள்ளம் தொழிலுக்குப் போகாமல், நோயாளிகளுக்காகவும் பிள்ளைப்பேற்றுக்காகவும் துறையிலேயே நிற்கவேண்டும். முறை வள்ளம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொஞ்சக்காலம் நன்றாக நடந்தது. ஆனால் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் பல. அவை ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. முறைக்கு நிற்பவனுக்கு அன்றைய உழைப்புக் காசும் எண்ணெய்ச் செலவும் கிடைத்தால் போதும், மற்றதைத் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்.

"எரிஞ்சு போற எண்ணெய்க்குக் காசைக் குடுத்துப்போட்டு என்னத்தைக் காட்டுறது?" என்று பொருளாளர் கேட்டார். அவர் கெட்டவரில்லை. மண்டபம் என்றால் படமெடுத்து ஆண்டு மலரில் போடலாம். எல்லோரும் மாமியைப் பார்த்தோம். அவர் திரையைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மகள் தன் தாய்க்கென்று செய்ய நினைத்த காரியத்தை இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கல்லைத் தள்ளி வைத்துவிட்டு மாமி பேசினார். அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல் கூடிச் செய்கிற வேலைக்கு நோர்வேக்காரர் சொல்லும் டுக்னாட்டை இழுத்தார். "எங்கடை புளொக்கிலை வருசா வருசம் டுக்னாட் செய்யிறம். எல்லாரும் இறங்கி வாசல் முத்தம் கூட்டுறம், பூக்கண்டு நடுறம். கூட்டின முத்தத்திலை ஆரின்ரை பேரை எழுதினவை?" பொருளாளர் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ளை கேட்டதைச் செய்வம்" என்று சொல்லிவிட்டுக் கல்லைத் திரும்பவும் துவாயில் சுற்றத் தொடங்கினார்.

தம்பிமார் விடவில்லை. ஊருக்கு நல்ல பிள்ளையாக இருக்க அம்மாவை விற்றுவிட்டாய் என்று மூத்த தம்பி தொலைபேசியில் கத்தினார், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு மாமியின் முகத்தில் சிரிப்புக் குறைந்துபோயிற்று. தான் செய்தது சரிதானா என்று என்னிடம் கேட்பார். சரி என்று சொல்வேன், ஆனால் அவருடைய அம்மாவைப் பற்றி நான் என்ன தெரிந்து சொல்வது? நாங்கள் கொஞ்சப்பேர் மாதாமாதம் கொடுத்தோம். யாருக்கு முறை, எது அவசரம் என்பதைத் தீவுப் பெண்களே தீர்மானித்தார்கள். படம் அனுப்பச் சொல்லிப் பொருளாளர் கேட்டபோதெல்லாம், கட்டி நிற்கும் ஒரு வள்ளமும் பின்னால் வெறுங்கடலும்தான் வந்தன.

இப்போது மாமி மகளோடு பேர்கனில் இருக்கிறார். ஒஸ்லோவை விட்டுப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சாமான் வாங்கிக்கொண்டு என் காரில் திரும்பும்போது அவருடைய கைபேசி அடித்தது. மூத்த தம்பி. தீவுக்குப் போயிருந்தார். நான் காரை ஓரமாக நிறுத்தி, அவர் சொன்னபடி ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தேன்.

"துறையிலை நிக்கிறன் அக்கா." பின்னால் காற்றின் சத்தம் கேட்டது. "அம்மாவின்ரை பேர் இஞ்சை ஒரு இடத்திலையும் இல்லை."

"ஓம், தெரியும்" என்றார் மாமி.

"இப்பதான் ஒரு மனிசியைக் கட்டிலோடை கொண்டந்தவை. எங்கடை அம்மாவின்ரை வயசிருக்கும்." என்றார் தம்பி. "கீழை வைக்கேல்லை அக்கா. நேரா வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போட்டினம்."