கொழும்புக்குப் போகாத சிங்காரவேலு

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் முடியும் இடத்தில் வயல் வைத்திருப்பவர் சிங்காரவேலு. யார் முதலில் தண்ணீர் திருப்புவது என்று ஆண்டுதோறும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஊருக்கு வழி சொன்னவர் அவர்தாம். எல்லா மடைகளுக்கும் பூட்டுப் போட வேண்டும். அவரவர் சாவி பக்கத்து வயல்காரரிடம் இருக்க வேண்டும். முறை வந்தால்தான் கேட்கலாம். சண்டை அடங்கியது.

அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசத்தான் பக்கத்து வயல்காரர் மருதையன் கொழும்புக்கு விமானம் ஏறியிருந்தார்.

கட்டுக்கடங்காத செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் கணினிக் கூடங்களைத் தங்கள் மண்ணில் அமைக்கும்படி பெருநிறுவனங்கள் சிறிய நாடுகளை நெருக்கிக்கொண்டிருந்தன. தான் மறுத்தால் அடுத்த நாடு ஏற்றுக்கொள்ளுமோ என்ற அச்சம் ஒவ்வொரு நாட்டுக்கும் இருந்தது. ஆகவே சில சிறிய நாடுகள் கொழும்பில் கூடின. ஒரு நாட்டின் கூடத்தை ஆபத்தான அளவுக்கு இயக்க வேண்டுமானால், அனுமதி இன்னொரு நாட்டின் கையில் இருக்கட்டும் என்று பேசின. அக்கூட்டத்தின் அலுவலர் மதிவதனி இந்த ஊர்ப் பெண். விடுமுறைக்கு வந்தவள் மடைச் சாவியைப் பற்றித் தேநீர்க் கடையில் விசாரித்தபோது அங்கே இருந்து விளக்கியவர் மருதையன். அழைப்பும் அவருக்கே போயிற்று.

சிங்காரவேலுவுக்கு வயிறு எரிந்தது. கைப்பேசியில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மருதையனின் கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடப் பார்த்து வெதும்பினார்.

காலையில் மருதையனின் மனைவி அகிலாண்டம் வந்தாள்.

“அண்ணே, இன்னிக்கு எங்க மொறை. சாவி குடுங்க, நட்ட பயிர் வாடுது.”

“எங்க வெச்சேன்னு தெரியலயே.” சாவி அவர் மடியில்தான் இருந்தது.

“தேடுங்கண்ணே, மத்தியானத்தோட மொறை முடிஞ்சிரும்.”

“கொழும்புல கேட்டா குடுப்பாங்க.”

அவள் சண்டை பிடிக்கவில்லை. கூட்டம் ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியை அவர்முன் நீட்டினாள். தீவு நாட்டு அம்மையார் ஒருவர் கேட்டதை மதிவதனி தமிழில் சொன்னாள்: “சாவி வைத்திருப்பவர் மனக்கசப்பால் தர மறுத்தால்?”

“எங்க ஊர்ல அப்படி நடந்ததே இல்லீங்க,” என்றார் மருதையன். “ஒருத்தர் மறுத்தா, மறுநாளே எல்லாரும் பூட்ட ஒடச்சிருவாங்க. அப்புறம் சாவியாவது, ஏற்பாடாவது!”

அரங்கம் தலையசைத்தது. அப்போதும் சிங்காரவேலுவின் பெயரை அவர் சொல்லவில்லை.

நெஞ்சு இன்னும் காந்தியது. ஆயினும் வேறொன்றும் உறைத்தது. மதியம் கடந்தால் அகிலாண்டம் பூட்டை உடைப்பாள். நாளை மற்றவர்கள் உடைப்பார்கள். தாம் யாருக்கும் விட்டுக்கொடுக்க விரும்பாத யோசனை தம் கையாலேயே செத்துப்போகும். கண்டுபிடித்தவர் யார் என்று கேளாத ஊர், கெடுத்தவர் யார் என்று மட்டும் கேட்கும்.

விருட்டென்று எழுந்து வயலுக்கு நடந்தார். மடியிலிருந்து சாவியை எடுத்துத் தாமே பூட்டைத் திறந்தார். தண்ணீர் மருதையன் வயலுக்குள் புகுந்தது. பின்னாலேயே வந்து நின்ற அகிலாண்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அவன் வந்ததும் சொல்லும்மா, இது யாரோட யோசனைன்னு.”

“நீங்களே சொல்லுங்களேண்ணே.”

“நான் சொன்னா பொறாமைம்பான்.”

“பொறாமை இல்லாமத்தான் மடியில இருந்த சாவிய எங்க வெச்சேன்னீங்களா?”

சிங்காரவேலு குனிந்து, மடையில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை வாரி, வேண்டியதைவிட வேகமாகக் கரையில் எறிந்தார்.