நடுக்கத்துக்கு வந்த அல்லேலூயா

பயம் எனக்குப் புதிதில்லை. சிம்பாங் பூலாய் மலையில் கல் லாரி ஓட்டுகிறவன் தினமும் பயந்துகொண்டேதான் இறக்கத்தில் இறங்குகிறான். ஆனால் அந்த நாற்பது நாள் உபவாசத்தில் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

எங்கள் சபை ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடுகிறது. அங்கே நான் மூப்பர். சனிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துவது என் பொறுப்பு. ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மணிக்கணக்கில் பேசுவேன். சரீரத்தை ஒடுக்க வேண்டும், 'நான்' சாக வேண்டும் என்பேன். எல்லாம் ஊருக்கு உபதேசம்தான். எனக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பது சபைக்குத் தெரியும். மருந்தை விட்டுவிட்டுத்தான் உபவாசம் இருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டபோது சிரித்தேன். அந்தச் சிரிப்பையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

உண்மையில் தினமும் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை வெறும் வயிற்றோடு இருந்தேன். என் மனைவிக்கு மட்டும் அது தெரியும்.

"விழுந்துடுவீங்க. ஒடம்பும் ஆண்டவர் குடுத்ததுதான்லா," என்றாள். என் விசுவாசத்தில் கை வைக்காதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

உபவாசத்தின் மூன்றாம் சனிக்கிழமை, உச்சி வெயில் நேரம். கைகளை உயர்த்தி ஜெபித்துக்கொண்டிருந்தபோது விரல்கள் நடுங்கின. சட்டை நனைந்தது. நாக்கு குழறியது. ரத்தத்தில் சீனி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிளினிக்கில் தாதி படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். அதற்குள் முன் வரிசையில் அல்லேலூயா கிளம்பியது. அபிஷேகம் இறங்குகிறது என்றார்கள். என் குழறலை அந்நிய பாஷை என்று நினைத்து அழுதார்கள். இனிப்பாக ஒரு வாய் தண்ணீர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செத்துவிடுவேனோ என்ற பயத்தைவிட அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் மனைவிதான் என்னைப் பின்னறைக்கு இழுத்துப்போய் சீனிப்பாகு கரைத்த சிராப் தண்ணீரை வாயில் ஊற்றினாள்.

இரண்டு வாரம் கழித்து முன் வரிசை அக்கா ஒருவர் நொண்டிக்கொண்டு மாடியேறி வந்தார். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இப்போது பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. அவருக்கும் இனிப்பு நீர்.

"பிரதர், அன்னைக்கு ஒங்க மேல ஆவி எறங்குனதப் பாத்தேன். மறுநாளே மாத்திரைய தூக்கிப் போட்டுட்டேன்," என்று கால் துணியை அவிழ்த்தார். கட்டைவிரல் புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. கை வைத்து ஜெபிக்கச் சொன்னார். சபை முழுவதும் அவரை நோக்கிக் கை நீட்டியது.

அந்தக் கால் போனால், அந்த உயிர் போனால், காரணம் என் சிரிப்பு. சபையில் எல்லாப் பெண்களையும் சிஸ்டர் என்கிற வாயில் வேறு சொல் வந்தது.

"அக்கா, நான் மருந்த விடல. இன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப அன்னைக்கு நடுங்குனது?"

"சீனி கொறஞ்சு போச்சுக்கா."

நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அக்கா என்னைப் பார்க்காமல் துணியை மறுபடி சுற்றிக்கொண்டார். நானும் மனைவியும் அவரை அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விரலை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஆனாலும் சில சனிக்கிழமைகளில் என்னை ஜெபிக்கச் சொல்கிறார்கள். அக்கா இன்றும் முன் வரிசையில்தான் உட்காருகிறார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது அவர் மட்டும் மூடுவதில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.