பாட்டுப் பெட்டி போன வழி

ஆர்மோனியம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவனுக்கும், சொந்தமாக ஆர்மோனியம் வைத்திருப்பவனுக்கும் என்ன வித்தியாசம்?

முதல் ஆளைக் கேட்க ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். இரண்டாவது ஆளை ஓசியில் கூட்டிப் போவார்கள்.

நான் இரண்டாவது ரகம்.

போன மாதக் கடைசியில், அருப்புக்கோட்டையில் என் நூல் கடைக்கு சவரிமுத்து வந்து இறங்கினார். பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில், கத்தோலிக்கக் கோவிலின் உபதேசியார். சாமியார் மற்ற ஊர்களுக்குப் போயிருக்கும்போது ஜெபம் சொல்வது, மணியடிப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராதவனைத் திங்கட்கிழமை வழிமறித்துக் கேள்வி கேட்பது... எல்லாம் அவர் பொறுப்பு. சிரித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, கல்லறைத் திருநாள் வருது. எங்க வாத்தியாருக்கு மஞ்சக்காமாலை. பொட்டி வாசிக்க ஆளில்ல."

"நான் பஜனை மடத்து ஆளு, உபதேசியாரே."

"இருக்கட்டும். பொட்டிக்கு ஏது மதம்?"

"சுமாராத்தான் வாசிப்பேன்..."

"தெரியும். போன மார்கழியில கேட்டேன்."

இதற்குப் பிறகும் மறுக்க எனக்கு வாய் வருமா? போனேன்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் மாதம் முழுவதையும் அவர்கள் செத்தவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கு அமாவாசைக்கு அமாவாசை. அவர்களுக்கு மொத்தமாக ஒரு மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருப்பார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போவார். தீர்த்தம் படாத கல்லறை என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்குச் சோறு இறங்காது.

முதல் நாள் சாயந்திரம் ஒத்திகை. பாடுவதற்கு நாலு பெண்கள், தாளத்துக்கு ஒரு பெரியவர். நாலைந்து வருஷம் முன்பு வரை எல்லாம் லத்தீனில்தான் இருந்ததாம். இப்போது தமிழ்.

"தமிழ் நல்லாருக்குமே?" என்றேன்.

"என்னத்த நல்லாருக்கு!" என்றார் தாளக்காரர். "லத்தீன்ல பாடுனப்ப ஒரு சொல்லு புரியாது. நிம்மதியா நின்டுக்கிட்டு இருந்தோம். இப்ப அர்த்தம் தெரிஞ்சு போச்சு... அழுகை வருது."

அவர்களுடைய பாட்டில் மூன்றை எனக்குப் பழக்கினார்கள். நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அந்தப் பெண்களில் ஒருத்தி, "அண்ணாச்சி, ரெண்டாவதும் மூணாவதும் வேற வேற மெட்டு" என்றாள். நான் ஒன்றாகவே வாசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உபதேசியார் வழக்கத்தைச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் ஜெபம் முடிந்ததும், பாட்டுப் பெட்டிதான் முன்னால் போக வேண்டும். பின்னால் பாடுகிறவர்கள், அதற்குப் பின்னால் தீர்த்தமும் சாமியாரும், கடைசியில் ஜனம். சிலுவையிலிருந்து நேரே போய், மதிலைத் தொட்டதும் இடப்பக்கம் திரும்பி, ஒரு சுற்று. அவ்வளவுதான்.

"பொட்டி நின்டா எல்லாம் நிக்கும். பொட்டி நடந்தா எல்லாம் நடக்கும்" என்றார்.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என் வீட்டில் நான் நடந்தால் என் நாய்கூட நடப்பதில்லை.

பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது, கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்தார். ஞானம்மா. ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணாச்சி, நாளைக்கு முன்னால போறது நீங்கதானே?"

"ஆமம்மா."

"மதிலு மழையில இடிஞ்சு கெடக்கு, பாத்தீகளா? அந்த இடிஞ்ச வழியா நேரா இருபது எட்டு வச்சா என் வீட்டுக்காரரு. கருப்பையா. ஆடியில போனாக."

"ஏன் மதிலுக்கு வெளியே?"

"அவுக ஞானஸ்நானம் வாங்கல. கேட்டா, 'சாகிறதுக்குள்ள வாங்கிக்கிறேன் புள்ள, என்ன அவசரம்'பாக. அவுகளுக்கு முந்திச் சாவு வந்துருச்சு. அவுக ஆளுக, 'வேதக்கோவில்காரியக் கட்டுனவன் எங்க சுடுகாட்டுக்கு வேண்டாம்'னாக. இவுக, 'தலையில தண்ணி ஊத்தாதவன் உள்ள வேண்டாம்'னாக. நடுவுல கெடந்த தரிசுதான் கெடச்சுச்சு."

"உபதேசியாரைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். 'மதிலுக்கு அங்கிட்டு மந்திரிக்கிற வழக்கம் இல்ல'ன்டாக. சாமி புதுசு, ஆறு மாசந்தான் ஆச்சு. அவுகளுக்கு இது தெரியாது. ஒரு துளித் தண்ணி, அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கல."

"நான் வெளியாளும்மா..."

"அதுக்குத்தான் ஒங்ககிட்டக் கேக்கேன். அவுகளும் வெளியாளுதானே?"

சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

அன்று என் நியாய புத்தி ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறலாம், மாப்பிள்ளையை மாற்றலாமா? அவர்கள் கோவில், அவர்கள் கல்லறை, அவர்கள் வழக்கம். வாசிக்க வந்தவன் வாசித்துவிட்டுப் போக வேண்டும். இடப்பக்கம் திரும்புவது என்று உறுதியாகத் தீர்மானித்தேன். நான் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால்... என் மனைவி சிரிப்பாள். அதை விடுங்கள்.

மறுநாள் சாயந்திரம். மழை திருச்சுழிப் பக்கம் நகர்ந்து வானம் வெளுத்திருந்தது. துண்டை ஆர்மோனியத்தின் இரண்டு வளையத்திலும் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். முள்ளுக்குப் பயந்து காலில் செருப்பு. ஊரே வெறுங்காலில் நின்றது.

ஜெபம் முடிந்தது. சாமியார் தலையசைத்தார். இளவயசு, ஊதா அங்கி, குடையைக் கையோடு வைத்திருக்கும் ஜாக்கிரதையான மனிதர். நான் துருத்தியை அமுக்கினேன். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

நடந்தோம். பின்னால் தீர்த்தச் செம்போடு உபதேசியார், பக்கத்தில் சாமியார். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. ஒவ்வொரு கல்லறையில் தண்ணீர் விழும்போதும் அங்கங்கே ஒரு விசும்பல். தாளக்காரர் சொன்னது சரிதான். அர்த்தம் தெரிந்தால் கஷ்டம்.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது முடிந்து, மூன்றாவது பாட்டில் மதிலுக்கு வந்துவிட்டேன். இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம், கரிசல் தரிசில் ஞானம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. மெழுகுவத்தி ஏற்றினார். காற்றில் அணைந்தது. முந்தானையை மறைத்துப் பிடித்து மறுபடி ஏற்றினார். அணைந்தது. தீப்பெட்டியிலிருந்து மூன்றாவது குச்சியை எடுத்தார்.

நான் நேராகப் போனேன்.

"அண்ணாச்சி! இடப்பக்கம்..." உபதேசியாரின் குரல். துருத்தியை இன்னும் வேகமாக அமுக்கினேன். வாத்தியக்காரர்களுக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு. "அண்ணாச்சி! இடப்பக்கம்யா!" பாட்டு பாதி அடியில் இருந்தது. பாதி அடியில் பாட்டை நிறுத்த முடியாது. பாட்டு நிற்காமல் பெண்கள் நிற்க முடியாது. பெண்கள் நிற்காமல் செம்பு நிற்க முடியாது. மொத்த ஊரும் இடிந்த மதிலைத் தாண்டி வந்துவிட்டது!

கூட்டம் என்பது சொல்லுக்குப் பின்னால் போவதில்லை, மெட்டுக்குப் பின்னால்தான் போகிறது. ஒலிபெருக்கி கட்டி ஓட்டுக் கேட்கிறவர்களுக்கு இது எப்போதோ தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மழை குடித்த கரிசல் சும்மா விடுமா? பத்தாவது எட்டில் என் இடது செருப்பை வாங்கி வைத்துக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டிக் குழிமேட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது பாட்டும் முடிந்தது.

அமைதி. அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்பு வாசித்ததில்லை.

"இது யார் கல்லறை?" என்றார் சாமியார்.

பேசக் கூடாத நேரத்தில் பேசுவது என் வழக்கம் என்பதால், "சாமி, நான் அருப்புக்கோட்டை. எனக்கு வழி தெரியாது" என்று உரக்கச் சொன்னேன். பொய்தான். கல்லறைத் தோட்டத்துக்குள்ளே சொன்னால் பாவம். நான் மதிலுக்கு வெளியே நின்றுதானே சொன்னேன்?

ஞானம்மா எழுந்தார். "கருப்பையா, சாமி. என் வீட்டுக்காரரு. ஞானஸ்நானம் வாங்காதவுக."

சாமியார் மதிலைத் திரும்பிப் பார்த்தார். குழிமேட்டைப் பார்த்தார். பிறகு, "உபதேசியாரே, இவர் யாரு?" என்றார்.

உபதேசியார் 'வழக்கம் இல்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் அப்படியே திரும்பிவிடும். அந்த அம்மாளுக்கு அப்படியொரு அவமானம் வருவதற்கு, நான் நேராக வராமலே இருந்திருக்கலாம்.

உபதேசியார் செம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"குழி வெட்டுறவரு, சாமி" என்றார். "உள்ள இருக்கிற குழி பூராம் இவரு வெட்டுனதுதான்."

சாமியார் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"என் வீட்டுக்காரி போன அன்னைக்கு விடாத மழை. வெட்ட வெட்ட ஊத்தெடுக்கு. 'நாளைக்கு வச்சுக்கிருவோம்யா'ன்னேன். 'அந்தப் புள்ளயத் தண்ணியில போடச் சொல்லுதீகளா'ன்னு என்னையத்தான் வஞ்சாரு. எறைச்சு எறைச்சு வெட்டிக் காஞ்ச மண்ணு கொண்டாந்து பரப்பி..."

சொல்லி முடிக்காமல் செம்பைச் சாமியாரிடம் நீட்டினார்.

ஒரு துளியா கேட்டார் ஞானம்மா? சாமியார் செம்பைக் கவிழ்க்காத குறை. அந்தக் குழிமேட்டைச் சுற்றிச் சுற்றித் தெளித்தார். மறைப்பாக நாலு பேர் நின்றதில் மெழுகுவத்தியும் நின்று எரிந்தது.

"பாட்டு எங்கேய்யா?" என்றார் என்னைப் பார்த்து.

எங்கே போவேன்? தெரிந்த மூன்றும் தீர்ந்துவிட்டது. மறுபடி முதலாவதை எடுக்கலாம்... அது எங்கே ஆரம்பிக்கிறது என்றே மறந்துபோயிற்று. ஆனால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. அவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் — எங்கள் மடத்து மார்கழி பஜனை மெட்டு. அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

வாசகர்களே, வழி தவறியது வேண்டுமென்றே செய்தது. இதுதான் நிஜமான தப்பு!

பெண்கள் இரண்டு நிமிஷம் விழித்தார்கள். அப்புறம் ஒருத்தி தங்கள் ஜெப வரியை எடுத்து அந்த மெட்டில் உட்காரவைத்தாள். உட்கார்ந்தது! மற்ற மூவரும் பிடித்துக்கொண்டார்கள். தாளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். உயிரோடு இருந்தவரை எந்தக் கோவிலுக்குள்ளும் ஒழுங்காக நுழையாத கருப்பையாவுக்கு அன்று இரண்டு கோவில் பாட்டும் சேர்ந்து கிடைத்தது.

திரும்பும்போது சாமியார் பக்கத்தில் வந்தார். "கடைசியா வாசிச்சது நல்லா இருந்தது. என்ன பாட்டு?"

"பழைய பாட்டு, சாமி" என்றேன். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை. கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறேன், வாசலில் உபதேசியார். கையில் ஒற்றைச் செருப்பு. என்னுடையது.

அதை எதற்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

அவர் அதை வாசற்படியில் வைத்தார். கழுவித் துடைத்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பருத்தி விலையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போதுதான் சொன்னார்:

"வாற வருசமும் நீங்கதான் வரணும், அண்ணாச்சி."

"அதுக்குள்ள வாத்தியாருக்கு நல்லாயிருமே! என்னைவிட அவர் பிரமாதமா வாசிப்பாரே?"

"வாசிப்பாரு" என்றார் உபதேசியார், முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே. "ஆனா அவரு வழி தப்ப மாட்டாரே!"