தவக்காலத்து அப்பா

எங்கள் வீட்டில் தவக்காலத்துக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது கறியையும் மீனையும் ஒதுக்கும் காலம், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்ச் சிலுவைப் பாதை செய்யும் காலம். எனக்கு அது அப்பா சிகரெட்டை விடும் காலம்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிகரெட் பிடிக்கும் அப்பா ரொம்ப நல்லவர். சாயங்காலம் டீ குடித்ததும் பால்கனிக்குப் போய் ஒன்றைப் பற்றவைப்பார். உள்ளே வரும்போது அவருடைய தலைமையாசிரியர் மாதிரி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவார். என்னை மேடம் என்று கூப்பிட்டு வீட்டுக்கணக்குக்கு உட்காருவார். அம்மாதான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் கருமத்த என்னைக்குத்தான் விடுவீங்களோ" என்று முணுமுணுப்பாள். முந்தானையை மூக்கில் வைக்காமல் அம்மா அந்தப் பால்கனிக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஆண்டுதோறும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பும் அப்பா, பாக்கெட்டையும் லைட்டரையும் அம்மாவிடம் ஒப்படைத்துவிடுவார். அம்மா இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் வேறொரு மனிதர் கண் விழிப்பார். அவருக்குக் காப்பி சூடாக இருக்காது, மின்விசிறி சத்தம் போடும், நான் படிக்கிற சத்தமும் ஆகாது. கிராம்பு, ஏலக்காய், தொண்டைக்குப் போடும் மிட்டாய் என்று வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பை காலி என்று தெரிந்ததும், கூட்டத்தில் பர்ஸைப் பறிகொடுத்தவர் போல ஒரு கணம் முழிப்பார்.

ஈஸ்டர் வந்தால்தான் விமோசனம். முந்தின இரவு பாஸ்கா பூசையில் ஏந்திய மெழுகுவர்த்தியை அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதா சுரூபத்தின் முன்னால் மறுபடி ஏற்றி வைப்போம். மறுநாள் காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆனதும் அப்பா புதுப் பாக்கெட்டோடு பூனை மாதிரி வருவார். லைட்டர்தான் குப்பைக்குப் போய்விட்டதே, அந்த மெழுகுவர்த்தியிலேயே சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுவார்.

"ஆண்டவர் உயிர்த்தெழுந்த மெழுகுவத்தியில சிகரெட்டா? நீங்க உருப்படுவீங்களா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். ஆனால் அந்தக் கத்தலில் உயிர் இருக்காது. அவளுக்கும் பழைய கணவர் திரும்பி வந்துவிட்டதில் ஓர் ஆசுவாசம்தான் என்று நினைக்கிறேன். எனக்கு ஈஸ்டரின் வாசனை என்றால் அந்தப் புகைதான்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் எல்லாம் மாறிவிட்டது. கிறிஸ்துமஸிலிருந்தே அப்பா இருமிக்கொண்டிருந்தார். அந்தத் தவக்காலத்தில் அம்மா பெசன்ட் நகர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஈஸ்டரைத் தாண்டியும் அவர் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டால், அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைப்பதாக. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. சுரூபத்தின் முன்னால் அம்மா முழங்காலில் நின்று ஒன்றைக் கேட்க, பக்கத்தில் நின்று நான் அதற்கு நேர் எதிரானதைக் கேட்டேன். ஈஸ்டர் சீக்கிரம் வர வேண்டும், அப்பா ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். மாதா என்ன பாடுபட்டிருப்பாளோ தெரியாது.

அந்த முறை அப்பா பட்ட பாடு முன்னெப்போதும் பார்க்காதது. ஒருநாள் சாயங்காலம் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தேன். பென்சில் முனை வேறு உடைந்தது. அப்பா என் பென்சில் டப்பாவைத் தூக்கிப் பால்கனி வழியாக எறிந்துவிட்டார். கீழே நின்றிருந்த ஆட்டோவின் கூரையில் விழுந்து எல்லாம் சிதறிய சத்தம் மேலே வரை கேட்டது. அப்பா செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணாமல் நான் பார்க்கப் போனபோது, முதல் மாடிப் படியில் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரப்பர், ஷார்ப்னர், துண்டுப் பென்சில் எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கியிருந்தார்.

"பயந்துட்டியா பாப்பா?" என்றார். "நான் திட்டல. அது உள்ள உக்காந்துகினு என்னைத் திட்டவைக்குது."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மனதுக்குள் மாதாவிடம் இன்னும் கொஞ்சம் அவசரப்படுத்திச் சொன்னேன்.

ஈஸ்டரும் வந்தது. காலையில் மெழுகுவர்த்தியை நானே ஏற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தம்பி எப்போது சிகரெட்டோடு பால்கனிக்குக் கிளம்புவான் என்று சிரித்துக்கொண்டே பார்த்திருந்தாள். அப்பா அரை இட்லியோடு கையைக் கழுவிவிட்டு, வெறுங்கையோடு பால்கனியில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்பா, பத்தவைக்கலியா?"

"இல்ல பாப்பா. இந்த வாட்டி விட்டுட்டேன்."

அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்று அழுதாள். அத்தை தம்பியின் தலையைத் தடவினாள். நான் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டேன். அவ்வளவு துக்கமான ஈஸ்டரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மே மாத விடுமுறையில் அப்பாவின் கோபம் தானாகக் குறைந்தது. கை சட்டைப் பைக்குப் போவது நின்றது. கீழ் வீட்டில் என்ன மீன் குழம்பு என்று வாசனையை வைத்தே சொன்னார், இத்தனை வருஷம் இந்த மூக்கு எங்கே போயிருந்தது என்று ஆச்சரியப்பட்டார். அம்மா அவரைச் சுவரோரம் நிற்கவைத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூலால் அளந்து, அதே உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்யச் சொன்னாள். மூவரும் ஆட்டோவில் பெசன்ட் நகர் போனோம். இறங்கிய இடத்திலிருந்து கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பா இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. மெழுகுவர்த்தியை அம்மாதான் சுமந்தாள். எங்கள் பங்குக் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று, "சுத்தமா விட்டுட்டாருங்க" என்றாள். அவ்வளவு பெருமையை அவள் முகத்தில் பிறகு நான் பார்க்கவில்லை.

ஏனென்றால் அப்பா இளைத்துக்கொண்டே போனார். இருமல் நிற்கவில்லை. தலைமையாசிரியர் நடையை நடந்து காட்டச் சொன்னால், "அப்புறம்" என்று சாய்ந்துகொள்வார். எனக்குக் காரணம் தெளிவாகவே தெரிந்தது. வருஷாவருஷம் சிகரெட் வந்ததும் அப்பா சரியாகிவிடுவார், இந்த வருஷம் வரவில்லை. இவ்வளவு சுலபமான கணக்கு இந்தப் பெரியவர்களுக்குப் புரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. பென்சில் டப்பா பறந்த அன்றைய வகுத்தலைவிட இது எவ்வளவோ எளிது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கு முன்பே ஊசி போட்டு நெஞ்சிலிருந்து ஏதோ எடுத்திருந்தார்கள், அதன் முடிவு அன்றைக்கு. என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் நானும் அப்பாவும் காத்திருந்தோம். அம்மா வெளியே வந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். "மருந்து எழுதிக் குடுத்திருக்காரு, வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பா படுத்ததும், அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தையிடம் போனில் மெதுவாகப் பேசினாள். எனக்கு ஒரே ஒரு வரிதான் காதில் விழுந்தது. "அவருக்குப் புடிச்சதெல்லாம் குடுங்கன்னு சொல்லிட்டாரு அண்ணி. அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இதில் சொல்லத் தெரியாமல் என்ன இருக்கிறது? எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. காய்ச்சல் வந்தால் ஐஸ்கிரீம் கூடாது என்பதுதான் டாக்டர்களின் வழக்கம். பிடித்ததெல்லாம் கொடுக்கச் சொன்ன டாக்டரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். முனையிலிருந்த பெட்டிக்கடைக்கு நேராகப் போய் நின்றாள். அந்தக் கடையை அவள் நின்று பார்த்ததுகூடக் கிடையாது. அப்பா பிடிக்கும் சிகரெட்டின் பெயரைச் சொல்லி ஒரு பாக்கெட் கேட்டாள். எத்தனை வருஷம் குப்பையில் போட்டவள், பெயர் தெரியாமலா இருக்கும்?

கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "இன்னாம்மா, சாரு திரும்பிட்டாரா? நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தேன், இத்தப் போயி மெய்யாலுமே எவன் வுடுவான்னு. பாப்பா, நைனாவ நான் கேட்டேன்னு சொல்லு."

அம்மா பாக்கெட்டை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அப்பா பால்கனி நாற்காலியில் இருந்தார். அம்மா அவர் மடியில் பாக்கெட்டை வைத்தாள். வீட்டில் லைட்டர் இல்லை. சுரூபத்தின் முன்னாலிருந்த ஈஸ்டர் மெழுகுவர்த்தியை எடுத்து, அடுப்பில் பற்றவைத்து, கடல் காற்றில் அணைந்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வந்தாள். அப்பா பாக்கெட்டைத் திறக்கவில்லை. முதலில் அதைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குப் புடிச்சத எல்லாம் குடுக்கச் சொன்னாரு."

அப்பா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படியா" என்றார்.

பிறகு ஒன்றை உருவி, அம்மா நீட்டிய சுடரில் பற்றவைத்தார். ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தார். இருமல் அடங்கியதும், எரிகிற சிகரெட்டை விரலிடுக்கில் வைத்தபடி, "மூக்க மூடிக்க, பொகை உனக்கு ஆகாது" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். முந்தானை மடியில் கிடந்தது. காற்று புகையை அவள் முகத்துக்கே கொண்டுபோனது. நான் கைதட்டினேன். என் பிரார்த்தனை பலித்துவிட்டது.

அடுத்த சாம்பல் புதனுக்கு அப்பா இல்லை. டாக்டரைப் பார்த்த அந்தச் சனிக்கிழமை அம்மா வாயால் சொல்ல முடியாத ஒன்றைத்தான் பெட்டிக்கடையிலிருந்து வாங்கிவந்தாள் என்பதும், மடியில் அந்தப் பாக்கெட் விழுந்தபோதே அப்பா முழுவதையும் தெரிந்துகொண்டுவிட்டார் என்பதும் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அவ்வளவு கஷ்டப்பட்டு விட்ட பிறகும், அவளுக்காகத்தான் அந்த ஓர் இழுப்பு இழுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சனிக்கிழமை அந்திக்கு வழக்கம்போல சுரூபத்தின் முன்னால் ஜெபமாலை சொன்னோம். அதே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. முடிவில் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் நான் சத்தமாக, "அப்பாவுக்குச் சிகரெட்டைத் திரும்பக் கொடுத்த மாதாவே, உமக்கு நன்றி. இனிமேல் யாரும் அதை அவரிடமிருந்து வாங்காமல் பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முதலில் அப்பாதான் ஆமென் என்றார். அதற்குப் பிறகு அம்மாவும் சொன்னாள்.