பரங்குன்றத்தானிடம் நான் கேட்ட மறைவிடம்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, வருடம் சரியாக நினைவில்லை. என் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம். பங்குனி வெயில். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே சூட்டுக்கோலை வைத்துத் திருகியது போல ஒரு வலி. இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வரைக்கும் இறங்கியது. அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டேன். வாந்தி. வியர்வை. பிள்ளை பெற்ற வலி எனக்குத் தெரியும். அதற்காவது கடைசியில் ஒரு பிள்ளை உண்டு.

என் மாமியார் நிலைப்படியில் நின்று பார்த்தார். கை கொடுத்துத் தூக்கவில்லை.

"ஆடு மாதிரி எலையும் தழையுமாத் தின்னா இப்பிடித்தான். கறி திங்காத ஒடம்புல என்னடி இருக்கும்?" என்றார்.

நான் ஏன் கறி தின்பதில்லை என்று ஊருக்கே தெரியும். அதற்கு மூன்று வருடம் முன்னால் என் மகன் மூளைக்காய்ச்சலில் கிடந்தான். வைத்தியம் பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். திருப்பரங்குன்றத்து மலையடியில் விழுந்து கும்பிட்டேன். "முருகா, பிள்ளையைக் கொடு. இனிமேல் மண்ணில் முளைக்கிறதைத் தவிர எதுவும் என் வாயில் படாது" என்றேன். மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டான். அன்றைக்கே கறி, மீன், முட்டையோடு பாலும் மோரும் விட்டேன்.

நாங்கள் திருநகர் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஊர். விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுப்போம். மசாலா அரைத்துக் குழம்பு வைப்பது நான்தான். அதைத் தொடாமல் கீரையும் சோறும் தின்று எழுந்துபோவேன். அது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுச் சோறு இவளுக்கு எச்சியாப் போச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பக்கத்து ஊர் டாக்டர் ஊசி போட்டு, "சிறுநீரகத்துல கல்லு" என்றார். ஒரே மாதத்தில் நாலு தடவை வலி வந்தது. நாலு தடவையும் ஏச்சு வாங்கினேன். என் வீட்டுக்காரர் அம்மாவையும் அடக்க மாட்டார், என்னையும் தேற்ற மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

நாலாவது தடவை வலி விட்டபோது எழுந்திருக்கத் தெம்பில்லை. மாமியார் கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று அவர் எதையும் எடுத்து வந்ததில்லை. கண் கலங்கிப்போனேன். ஒரு வாய் வைத்தேன். தொண்டையில் இறங்கிய பிறகுதான் வாடை தெரிந்தது.

"என்ன அயித்த கலந்தீங்க இதுல?"

"நெஞ்செலும்புச் சாறு. விசமா வச்சேன்? குடிச்சுப் பொழச்சுக் கெட."

கிண்ணத்தை முற்றத்தில் வீசி எறிந்தேன். விரலை விட்டு வாந்தி எடுத்தேன். வாக்குத் தவறிவிட்டேனே, பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால்? பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைத் திருப்பி வைத்தேன். "உன்னோடு எனக்குப் பேச்சில்லை. உனக்காக வாயைக் கட்டினவளுக்குக் கல்லைக் கொடுத்தாய். இப்போது என் வாக்கையும் கெடுத்துவிட்டாய்" என்றேன். அப்படிப் பேசினதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியாரும் கூட வந்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சிடுசிடுப்பானவர். அவரிடம் மாமியாரே முந்திக்கொண்டார்.

"கீரைய விட்டா ஒண்ணும் திங்க மாட்டா டாக்டரம்மா. கறி திங்கச் சொல்லுங்க."

"கறி தின்னா கல்லு போகும்னு எந்தப் புத்தகத்துலம்மா படிச்சீங்க? சும்மா நில்லுங்க." என்னிடம் திரும்பினார். "பசலைக்கீரையும் தக்காளியும் கொஞ்ச நாளைக்குக் கொறச்சுக்க. வாழத்தண்டு சேத்துக்க. உன் விரதம் பாட்டுக்கு இருக்கட்டும். பகல்ல எம்புட்டுத் தண்ணி குடிப்ப?"

"ஒரு சொம்பு இருக்கும்."

"அஞ்சாறு சொம்பு குடிக்கணும்."

"முடியாதும்மா."

"ஏன்?"

எப்படிச் சொல்வேன்? எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடியுமுன் ஓடைக்கரைக் கருவேலங்காட்டுக்குப் போவோம். அடுத்து பொழுது சாய்ந்து இருட்டின பிறகுதான். நடுவில் முட்டினாலும் அடக்க வேண்டும். அதனால் தண்ணீரையே அடக்கினோம். "பகல்ல நாக்க நனைக்க மட்டும் குடி" என்று கல்யாணமான மறுநாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த மாமியார்தான்.

நான் தலைகுனிந்து நின்றதிலேயே டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உனக்கு வந்தா எங்க போவ?"

"வரப்போரமா..."

"எப்ப?"

"வர்றப்பத்தாம்மா."

"அவ?"

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"பத்து நாள் பாப்பேன். எறங்கலைன்னா கிழிச்சுத்தான் எடுக்கணும்" என்று சீட்டை எழுதி நீட்டினார்.

திருமங்கலம் பஸ்ஸில் திரும்பினோம். மாமியார் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பரங்குன்றத்து மலை ஜன்னலில் தெரிந்தது. பேச்சில்லை என்று சொன்னவள்தான், வாய் அடங்கவில்லை. அதுவரைக்கும் வலியை எடு, கல்லைக் கரை என்றுதான் கேட்டிருந்தேன். எனக்கு உண்மையில் எது வேண்டுமோ அதைச் சாமியிடம் சொல்ல வெட்கம். அன்றைக்கு வெட்கத்தை விட்டேன். "முருகா, பகலில் ஒதுங்க எனக்கு ஒரு மறைவு கொடு" என்று மனசுக்குள் கேட்டேன். உதடுகூட அசையவில்லை.

மலை இன்னும் ஜன்னலை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"கொல்லையில வேப்பமரத்துக்கு அந்தாண்ட தட்டி கட்டுனாப் போதுமா?"

வலி வந்தபோதெல்லாம் அழாதவள் பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன்.

மறுநாளே குழி வெட்டி, கல் பாவி, நாலு பக்கமும் கீற்றுத் தட்டி கட்டினார். மாமியார் தெரு சனத்தையே கூட்டிவிட்டார். "வீட்டுக்குள்ளயே பேளுறதுக்கு எடம் கட்டுறான் பாருங்க! இந்த வீட்டுல லச்சுமி தங்குவாளா?" என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "தங்குனா அவளுக்கும் இது வேணும்ல" என்றார்.

குடம் குடமாகக் குடித்தேன். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். கல் விழுந்தால் தெரிய வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொன்னபடி தகர டப்பாவில்தான் போனேன். ஒன்பதாம் நாள் காலையில் உயிர் போகிற வலி. அடுத்து டப்பாவுக்குள் ணங் என்று ஒரு சத்தம். மிளகளவு, முள்முள்ளாக, பழுப்புக் கல். கழுவி, பொட்டலம் கட்டி, திருப்பி வைத்திருந்த முருகன் படத்தை நேராக்கி அதன் பின்னால் செருகினேன். என் மகனுக்குக் காய்ச்சல் வரவில்லை. வயிற்றில் கத்தி படவில்லை. விரதமும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அந்தக் கிண்ணத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாகச் சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் உச்சிவெயிலில் கொல்லைக்குப் போனேன். தட்டி உள்ளே சாத்தியிருந்தது. காத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாமியார் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முறைத்தார்.

"என்னடி பாக்குற? உள்ள தண்ணி தீந்துருச்சு, மொண்டு வையி."

மொண்டு வைத்தேன். வீட்டுக்குள் போனவர் பானையிலிருந்து ஒரு சொம்பு நிறைய மொண்டு, நின்றபடியே மடமடவென்று குடித்ததைப் பார்த்தேன். அன்றைக்கு முருகனுக்கு இன்னொரு கும்பிடு போட்டேன்.

என்னைப் போல முருகனை நம்பிக் கும்பிடுகிற அக்கா தங்கச்சிகளே, அவனிடம் எதைக் கேட்கக் கூச்சப்படுகிறீர்களோ அதையே முதலில் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபமாகவே கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள்.