ஹால்விக் ரத்னவேலும் மெரோட்ரான் பாயும்

கிளமெண்டிவாசி ரத்னவேலுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் ஒரு கப்பல் நிறுவனத்தில் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். கணினி வலைக் கருவி எதையும் கையால் தொட்டதில்லை. வீட்டில் வைஃபை நின்றுபோனால் மனைவி கமலம்தான் பெட்டியை அணைத்துப் போடுவாள். இத்தனை தகுதிகளோடு, வலைக் கருவி நிறுவனப் பங்குகள் விஷயத்தில், தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா வட்டாரத்தின் தலைசிறந்த நிபுணராக அவர் விளங்கினார்.

அவருடைய கட்சி ஹால்விக். எதிர்க்கட்சி மெரோட்ரான். இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டிகளைச் செய்பவை. மெரோட்ரானுக்காக வாதாட, கேம்பல் லேனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜமால் முகம்மது இருந்தார். சனிக்கிழமை காலைதோறும் தேக்காவின் பஃப்ளோ ரோட்டுக் கோப்பிக்கடையில் இருவரும் மோதுவார்கள்.

“ஹால்விக் இல்லேன்னா நாளைக்கு இன்டர்நெட்டே நின்னுடும் லா பாய்.”

“அப்ப மெரோட்ரான் என்னண்ணே, கொசுவலையா விக்குது?”

மூன்று வருஷமாக இதே வாதம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதுவதை ரத்னவேல் விடியற்காலையில் படித்து, காலைப் பசியாறலுக்குள் அதைத் தன் சொந்தக் கருத்தாக்கி, பாய் உட்பட எண்பத்து நான்கு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். ஹால்விக்கைப் பாராட்டி வந்தால் அது ஆய்வு. திட்டி வந்தால், எழுதியவன் விலைபோய்விட்டான்.

இந்தப் புகழ் முற்றி, சிராங்கூன் ரோட்டில் ஒரு சங்கத்தார் அவரை உரையாற்ற அழைத்தார்கள். நாற்பது பேர் வந்தார்கள். மீ கோரெங் நூடுல்ஸ் உண்டு என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணம். ரத்னவேல் முக்கால் மணி நேரம் வரைபடங்களைக் காட்டினார். கோடுகள் ஏறின, இறங்கின. கூட்டம் தலையாட்டியது.

பின்வரிசையிலிருந்து சந்திரமதி என்ற பெண் எழுந்தாள். ஜூரோங்கில் ஒரு டேட்டா சென்டரில், இதே பெட்டிகளைத் திருகி மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவளுக்கு வேலை.

“அங்கிள், ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் ஈசியா இருக்கும்.”

ரத்னவேல் அடுத்த வரைபடத்துக்குத் தாவினார். “முதலீட்டாளர் பார்வையில அது ரொம்பச் சின்ன விஷயம்மா,” என்றார். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

அவளே இரண்டு நிமிஷத்தில் விளக்கினாள். கட்டடத்துக்குள் இருக்கிற கணினிகளைச் சேர்ப்பது ஸ்விட்ச், வெளியே வழி காட்டுவது ரவுட்டர். ரத்னவேல் அதைக் கைக்குறிப்பில் இரகசியமாக எழுதிக்கொண்டார். ஒருவர் அவளிடமே கேட்டுவிட்டார்: “அப்ப எதும்மா வாங்கலாம்?”

“ஷேர் பத்தி எனக்குத் தெரியாது அங்கிள். ஹால்விக் ஆர்டர் போட்டா ஏழு மாசம் ஆகுது. மெரோட்ரான் மூணு வாரத்துல வந்துடும்.”

“கேட்டீங்களா!” ரத்னவேல் மேசையைத் தட்டினார். “ஏழு மாசம் காத்துக் கிடக்கிறாங்க! அவ்வளவு கிராக்கி!”

“சாமானைச் செஞ்சு குடுக்க வக்கில்ல, அதுக்குப் பேரு கிராக்கியா?” ஜமால் முகம்மது எழுந்துவிட்டார்.

மன்றம் இரண்டாகப் பிளந்தது. “அது இல்ல, ஒரு சிப்பு கிடைக்காம...” என்று சந்திரமதி தொடங்கினாள். வேலை தெரிந்தவளின் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அவள் ஒரு பொட்டலம் மீ கோரெங்கை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

அடுத்த மாதம் இரு நிறுவனங்களும் ஒரே வாரத்தில் காலாண்டுக் கணக்கை வெளியிட்டன. ஹால்விக் பங்கு பதினான்கு சதவீதம் விழுந்தது. ரத்னவேல் பசியாறல் தட்டை ஒதுக்கிவைத்தார். மெரோட்ரான் இருபத்தொன்று விழுந்தது தெரிந்ததும் தட்டை உடனே இழுத்துக்கொண்டார். அவரிடம் இருந்தது பதினொரு ஹால்விக் பங்குகள்தான் என்பது கமலத்துக்கு மட்டும் தெரியும். பாயின் நிலைமை என்னவோ, பாவம், ஆறுதல் சொல்லுவோம் என்று பெருந்தன்மையோடு கேம்பல் லேனுக்குப் போனார்.

ஜமால் முகம்மது ஒரு கண்ணாடிச் சட்டத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மனசைத் தளரவிடாதீங்க பாய். எத்தனை போச்சு?”

“என்னது எத்தனை?”

“மெரோட்ரான் பங்கு.”

“நான் எங்கண்ணே வாங்கினேன்? ஒண்ணுகூட இல்ல.”

ரத்னவேல் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “மூணு வருஷமா அதுக்காக என்கூட சண்டை போட்டீங்களே!”

“கருத்து சொல்ல காசு கட்டணுமா லா?”

பங்கு விழுந்தபோது வராத கோபம் அப்போது வந்தது. விறுவிறுவென்று வெளியேறினார். இரண்டு சனிக்கிழமை தேக்கா பக்கமே போகவில்லை. குழுவில் இதைப் போட்டு பாயின் மானத்தை வாங்கிவிடலாம் என்று நான்கு வரி எழுதினார். பிறகு யோசித்தார். பாயும் ஒதுங்கிவிட்டால் ஹால்விக்கைத் தாக்க இனி யார் இருக்கிறார்கள்? தாக்க ஆளில்லாவிட்டால் இவர் யாரிடமிருந்து அதைக் காப்பாற்றுவது?

எழுதியதை அழித்துவிட்டு, ‘மெரோட்ரானை நம்பி ஏமாந்தவர்களுக்கு’ என்று தலைப்பிட்டு, புதிய ஆய்வு ஒன்றைத் தட்டினார். இம்முறை அதில் ரவுட்டர், ஸ்விட்ச் வித்தியாசமும் இருந்தது. ‘துறை வட்டாரங்களிலிருந்து நான் நேரடியாகத் திரட்டியது’ என்ற குறிப்போடு.

ஒரு நிமிஷத்துக்குள் ஜமால் முகம்மதுவின் மறுப்பு வந்தது, ஏழு பத்திகளில். ரத்னவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல், மிகுந்த திருப்தியோடு படித்தார்.